முப்பத்தெட்டுப் பேருக்கும் ஒரே கையெழுத்து

என் கையெழுத்து நன்றாக இருக்கும். பாலிடெக்னிக்கை இரண்டாம் வருடத்தில் விட்டு வந்தவனுக்கு மிஞ்சியது அது ஒன்றுதான். அஜ்மானில், கழிவுநீர்த் தொட்டிகளைச் சுத்தம் செய்யும் கம்பெனியில் என்னை மேலே ஏற்றியதும் அதுதான். மேலே என்றால் மாடிக்கு அல்ல. தொட்டிக்குள்ளிருந்து தரைக்கு.

2006-இல் எங்கள் கம்பெனி பார்த்த கட்டடங்களில் கட்டடத்துக்கு ஒரு தொட்டி. டேங்கர் லாரி உறிஞ்சிக்கொண்டு போனபின், அடியில் தங்கும் சேற்றை அள்ள ஆள் இறங்க வேண்டும். ஒன்றரை வருடம் நைட் டியூட்டியில் நான் இறங்கினேன். உள்ளே என்ன இருக்கும் என்று விவரிக்கப்போவதில்லை. அந்த ஒன்றரை வருடமும் நான் இடது கையால்தான் சாப்பிட்டேன் என்பதோடு விட்டுவிடுகிறேன்.

இறங்குவதற்கு முன் அரை மணி நேரம், தொட்டிக்குள் காற்றை ஊதும் இயந்திரம் ஓட வேண்டும். இல்லையென்றால் உள்ளே நிற்கும் வாயு ஆளைச் சாய்த்துவிடும். ஆங்கிலத்தில் அதற்குப் புளோயர் என்று பெயர். எங்கள் ஆட்கள் காத்தாடி என்பார்கள். ஒருமுறை அது பாதியில் நின்று நான் உள்ளேயே சுருண்டு விழுந்தேன். அம்மையப்பன் அண்ணன்தான் கயிற்றைப் பிடித்து இழுத்து வெளியே போட்டார். பரமக்குடிப் பக்கத்துக்காரர். படிப்பு கிடையாது. எங்கள் ஆட்களில் மூத்தவர்.

பிறகு கேம்ப் ஆபீஸ் மேனேஜர் சேதுமாதவன் சார் என் கையெழுத்தைப் பார்த்து என்னை மேசைக்கு மாற்றினார். பாலக்காட்டுக்காரர், தமிழ் பேசுவார். "மூணு மாசம் பார்ப்பேன் கிறிஸ்துதாஸ். சரியில்லேன்னா திரும்பவும் டேங்க்தான்" என்றார். ஏசி அறை, சுழலும் நாற்காலி. வலது கையால் சாப்பிடத் தொடங்கினேன்.

இரண்டாவது மாதம் துபாய் தலைமை அலுவலகத்திலிருந்து படிவங்கள் வந்தன. ஏதோ தரச் சான்றிதழ் வாங்குவதற்காக. ஒவ்வொன்றிலும் இரண்டு கட்டங்கள்: ஒன்றில் இந்தக் கம்பெனியில் பிடித்தது, இன்னொன்றில் பிடிக்காதது. பெயர் எழுத வேண்டாம் என்று தலைப்பில் போட்டிருந்தது. அடியில் கைநாட்டுக்கு இடம் விட்டிருந்தது. ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்பதால் தொட்டி வேலை ஆட்கள் முப்பத்தெட்டுப் பேரும் வெள்ளிக்கிழமை மத்தியானம் மெஸ்ஸில் என்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல ஒரு நோட்டில் தமிழில் குறித்துக்கொண்டேன்.

"பிடிச்சதா? வெள்ளிக்கிழமை பிடிக்கும். எழுதிக்க" என்றார் ஜெயமணி.

"வெள்ளிக்கிழமை கம்பெனி குடுத்ததில்லண்ணே."

"அப்ப ஒண்ணுமில்ல. அடுத்த ஆளக் கூப்பிடு."

வீரபாண்டி எட்டிப் பார்த்தான். "பருப்புல பருப்பு எங்க கெடக்குன்னு கண்டுபிடிக்கிறவனுக்கு ஒருநா லீவுன்னு எழுதுடா தாஸு."

ஒவ்வொருவனும் ஒவ்வொன்று சொன்னான். ஆனால் எங்கே சுற்றினாலும் கடைசியில் காத்தாடியில்தான் வந்து நின்றார்கள். அது பழுதாகி மூன்று வாரம் ஆகியிருந்தது. இறங்குகிறவன் ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் மேலே வந்து மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும் இறங்கிக்கொண்டிருந்தான்.

அம்மையப்பன் அண்ணன் கடைசியாக வந்தார். "பிடிக்காதது அந்தக் காத்தாடி ஓடாததுதான். வேறெதுவும் வேணாம் தம்பி, அத மட்டும் பெருசா எழுது."

"பிடிச்சது?"

"ஒன்னயத்தான். நம்ம பய ஒருத்தன் மேசையில ஒக்காந்திருக்கான்ல, அது."

நோட்டைச் சேதுமாதவன் சாரிடம் வாசித்துக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "புளோயர் ஓடுதுன்னு தினமும் ஷீட்ல கையெழுத்துப் போட்டுட்டிருக்கேன். இது துபாய்க்குப் போனா நான் இல்லை" என்றார். அவர் என்னை மிரட்டவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும். என் நாற்காலியை ஒருமுறை பார்த்தார், அவ்வளவுதான்.

அன்று சாயங்காலமே உட்கார்ந்து முப்பத்தெட்டுப் படிவங்களையும் நிரப்பினேன். பாதுகாப்புக் கருவிகள் நல்ல நிலையில் உள்ளன. ஒன்றில் எழுதிய வாக்கியம் இன்னொன்றில் வராமல் பார்த்துக்கொண்டேன். எல்லாமே பிடிக்கும் என்றால் நம்ப மாட்டார்கள் என்று பன்னிரண்டு படிவங்களில் பருப்பு தண்ணீராக இருக்கிறது என்று போட்டேன். அது என் சொந்த யோசனை. சாருக்குப் பிடித்திருந்தது. மறுநாள் காலை எல்லோரும் வரிசையாக வந்து கைநாட்டு வைத்தார்கள். அம்மையப்பன் அண்ணன் பெருவிரலை அழுத்திவிட்டு, மை காயட்டும் என்று தாளை ஊதிக்கொடுத்தார்.

இரண்டு வாரத்தில் பருப்பு கெட்டியானது. மெஸ்ஸில் என் தட்டில் முதல் கரண்டி ஊற்றினார்கள். "எழுத்துன்னா எழுத்துதாண்டா" என்றான் வீரபாண்டி.

அதற்கடுத்த திங்கட்கிழமை காலை, பஸ் கிளம்பும் முன் அம்மையப்பன் அண்ணன் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். செருப்பில் சேறு என்று உள்ளே வரவில்லை.

"ஏம்ப்பா, காத்தாடிக்கு என்ன பதிலு? இன்னைக்குப் போறது பெரிய தொட்டி. அது இல்லாம எறங்க வேணாம்னு எல்லாரும் பேசிவச்சிருக்கோம்."

அவர்கள் இறங்காவிட்டால் துபாயிலிருந்து கேட்பார்கள். கேட்டால் படிவங்களை எடுப்பார்கள். எடுத்தால் நான் மறுபடியும் உள்ளே இறங்க வேண்டும். அவசரத்தில் வாய்தவறி வந்தது என்று சொல்ல மாட்டேன். யோசிக்க நேரம் இருந்தது. அவரும் பொறுமையாக நின்றார்.

"ஆர்டர் போட்டாச்சுண்ணே. நாளைக்கு வந்துரும். இன்னைக்கு ஒருநாள் மட்டும் பாத்துக்குங்க."

"நீ சொன்னாச் சரி. பருப்பு வந்துச்சுல்ல, காத்தாடியும் வரும்" என்று போனார்.

அவர்தான் முதலில் இறங்கினாராம். சத்தமில்லை என்று ஜெயமணி இறங்கினார். ஜெயமணியை எடுக்கப்போன வீரபாண்டியைக் கயிற்றோடு இழுத்துவிட்டார்கள். மற்ற இருவரும் பிணமாகத்தான் வந்தார்கள்.

விசாரணைக்கு இன்ஷூரன்ஸிலிருந்து ஒரு லெபனான்காரர் வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, இந்தியும் தெரியாது. மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள். மேசைமேல் என் முப்பத்தெட்டுப் படிவங்கள் இருந்தன.

"எல்லாம் ஒரே கையெழுத்தாக இருக்கிறதே. இவர்கள் சொன்னதைத்தான் எழுதினாயா?" என்று கேட்டார்.

ஆம் என்றேன்.

வீரபாண்டியை உட்காரவைத்தார்கள். கண் இன்னும் சிவந்திருந்தது. "அய்யா, காத்தாடி ஓடலன்னு நாங்க அம்புட்டுப் பேரும் சொன்னோம். இந்தா நிக்கிற தாஸுதான் எழுதுனான். கம்பெனிக்குத் தெரியும்ய்யா. தெரிஞ்சுதான் எறக்குனாங்கெ. சொல்லுடா, அவருக்கு வெளங்குற மாதிரி சொல்லு."

அவன் புளோயர் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் லெபனான்காரருக்குப் புரிந்திருக்கும். அவன் காத்தாடி என்றுதான் சொன்னான். நான் ஆங்கிலத்தில் இப்படிச் சொன்னேன்: "முதலில் இறங்கி இறந்தவர் நல்ல மனிதர், ஆனால் அவசரக்காரர் என்கிறார். புளோயர் தயாராக இருந்தது. அதை ஓட்டும்வரை அவர் பொறுக்கவில்லையாம்."

லெபனான்காரர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். பேனா ஓடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்த வீரபாண்டி, எழுதி முடித்ததும் என் கையைப் பிடித்தான். "சொல்லிட்டியா? நல்லா இருடா" என்றான்.

தவறு தொழிலாளியுடையது என்று முடிவாயிற்று. புதுக் காத்தாடி ஒன்றை அடுத்த வாரமே வாங்கினார்கள். அது என் காலத்தில்தான் வந்தது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

மறுவருடமும் படிவங்கள் வந்தன. வேறு யாராவது எழுதட்டும் என்று சார் சொன்னார். ஆட்கள் ஒத்துக்கொள்ளவில்லை. தாஸுதான் எழுத வேண்டும் என்றார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் முப்பத்தாறு பேரும் வந்து என்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள், முதல் ஆளாக வீரபாண்டி. நான் கெட்டவன் என்றால் வந்திருப்பார்களா?