கையுறை மாவு

மூக்குல குழாய் சொருகிட்டா வாய மூடிக்குவேன்னு நெனச்சியா டாக்டர் பாபு? குடல் ஒட்டிக்கிட்டிருக்கு, திறந்து பிரிக்கணும்னு எனக்கே பாடம் நடத்துற! இந்தக் குண்டூர்ல நாப்பது வருஷம் ஆபரேஷன் தியேட்டர்ல நர்ஸா நின்னவ இந்த சுவார்த்தம்மா. நீ பொறக்கறதுக்கு முன்னாடியே எத்தன வயித்துக்குள்ள எட்டிப் பாத்திருக்கேன் தெரியுமா?

என்னது, ஜாக்கிரதையா பண்ணுவியா? கத்தியப் புடிச்ச எல்லாரும் இதத்தான் சொல்றீங்க. உள்ள கைய விட்டதும் கோங்குராக் கீரைய அலசற மாதிரி குடலப் போட்டு அலசுவீங்க. ஈரத்துணி போட்டு மூடாம காய விடுவீங்க. தேங்கின ரத்தத்தக் கழுவாமலே தைப்பீங்க. பின்ன ஒட்டாம என்ன பண்ணும்?

ஆமா, குடல் ஒட்டாம இருக்க நடுவுல வைக்க ஏதோ கரையற தாள் வந்திருக்காமே. வை, வேண்டாங்கல. கை முரடா இருந்தா தாளு என்னத்தக் கிழிக்கும்?

எங்க காலத்துல சேஷய்யான்னு ஒரு பெரிய டாக்டர். பன்னெண்டே நிமிஷத்துல குடல்வால வெட்டித் தைச்சுருவாரு. பந்தியில எல எடுக்கறவன்கூட அவ்வளவு அவசரப்பட மாட்டான். அப்பல்லாம் ரப்பர் கையுறையில மாவு தடவி வரும். அது உள்ள விழுந்தாலும் குடல் ஒட்டிக்கும். மாட்டினதும் கழுவணும். அதுக்குன்னு நான் பாத்திரத்துல தண்ணி வைப்பேன். ஒரு நாளு எல்லார் முன்னாடியும் அத காலால எத்திவிட்டு, நீ போயி பெசரட்டு தோசைக்கு மாவாட்டுடீன்னாரு.

மறுநாள் ஒரு பொண்ணு வந்தா, பத்தொம்பது வயசு, மொளகாக் களத்துல காம்பு கிள்ளுறவ. மாவுக் கையோடவே உள்ள போனாரு. எட்டே மாசம். வயிறு வீங்கி, பச்சையா வாந்தி எடுத்துக்கிட்டு திரும்பி வந்தா. திறந்தா குடல் ஒன்னோட ஒன்னு பின்னிக் கெடக்கு, ஒரு பக்கம் கறுத்தே போச்சு. மேஜையிலயே உசுரு போயிருச்சு. தலையெழுத்துன்னுட்டு டீ குடிக்கப் போனாரு மகராசன்.

என்ன கேக்குற? அவளோட மொதல் ஆபரேஷனப்ப கை கழுவ தண்ணி இல்லையான்னா?

இல்ல. நான் வைக்கல. அந்தாளு பேரு கெடட்டும்னு வேணும்னேதான் வைக்கல. அதுவும் கெடல, ரிட்டயராகறப்ப மால போட்டுத்தான் அனுப்புனாங்க.

அந்தப் பொண்ணு பேருகூட அன்னைக்கு நான் கேட்டுக்கல பாபு. பொணத்துக்குச் சீட்டு எழுதறப்பதான் கேட்டேன். மாணிக்யம்னாங்க.