தளர்த்திய நட்டு

சீனி போடாத தேநீர் குடிக்கப் பழக எனக்கு மூன்று மாதம் பிடித்தது, சேர். நௌஃபர் மாஸ்டருக்குச் சீனி வருத்தம். அவருடைய மனைவி ஸஃப்னா ஃபிளாஸ்கில் ஊற்றிக் கொடுத்தனுப்புவதை நாங்கள் இருவரும் பங்கிட்டுக் குடிப்போம்.

எத்தாளையில் என் கராஜுக்கு அவர் முதன்முதலில் வந்தபோது மோட்டார் சைக்கிள் நடுங்கிக்கொண்டிருந்தது. இரண்டு சிலிண்டர், இரண்டு காபரேட்டர் உள்ள பழைய வண்டி. ஒன்று கூடவும் மற்றது குறையவும் காற்றை இழுத்தால் என்ஜின் உதறும். காற்று இழுப்பை அளக்கும் இரண்டு வெக்கியூம் கேஜ்களை ரப்பர் குழாயால் பொருத்தி, நடுவிலிருக்கும் திருகாணியை மெல்லத் திருப்பினேன். இரண்டு முட்களும் ஒரே எண்ணில் வந்து நின்றன. நடுக்கம் அடங்கியது.

"டொக்டர் மாதிரியெல்லா பாக்குறீங்க, கில்பட் அண்ணன்," என்றார். அன்று ஒரு மணித்தியாலம் இருந்து கதைத்தார். அப்போது என் மனைவி கத்தரினா இத்தாலிக்குப் போய் ஏழு வருடம். அவளுடைய அழைப்புகள் நின்று நான்கு வருடம். அதற்குப் பிறகு என்னோடு அவ்வளவு நேரம் யாரும் கதைத்ததில்லை.

ஒழுங்காகச் செய்த வேலை மாதக்கணக்கில் நிற்கும். ஐந்து மாதம் அவர் வரவில்லை. அடுத்த முறை, முட்கள் சேர்ந்து நிற்பதை அவருக்குக் காட்டிவிட்டு, அவர் தேநீர் ஊற்றத் திரும்பிய நேரத்தில் திருகாணியின் பூட்டு நட்டைச் சற்றுத் தளர்த்திவிட்டேன். ஓட ஓட அது தானாக விலகும். மூன்று கிழமையிலேயே வந்துவிட்டார்.

அப்படியே மூன்று வருடம் போனது. யாருக்கும் கெடுதல் இல்லை.

போன மாசியில் வந்தவர், "சைக்கிள விக்கப் போறன் அண்ணன். ஸஃப்னாக்கு முதுகு நோவு, இதுல இருக்க ஏலாதாம். நாளைக்குச் சிலாபத்துல ஒராளுக்குக் குடுத்துட்டுப் புது ஸ்கூட்டர் எடுக்கிறம். அதுல காபரேட்டரே இல்லயாம்," என்றார்.

"அப்ப இனி வரமாட்டீங்க."

"ஏன் வராம? இந்தப் பக்கம் வந்தா வருவன்தானே."

இந்தப் பக்கம் அவருக்கு வேறு வேலை இல்லை என்பது எனக்குத் தெரியும்.

கடைசியாக ஒருமுறை பார்த்துத் தருகிறேன் என்றேன். மறுநாள் காலை, புது ஸ்கூட்டரில் திரும்பலாம் என்று ஸஃப்னாவும் கூடவே வந்தார். இந்த முறை நட்டை முழுதாகவே எடுத்துவிட்டேன். ஐட்லிங் திருகாணியையும் தளர்த்தினேன். சூடேறியபின் வேகத்தைக் குறைத்தால் என்ஜின் நின்றுவிடும். வாங்குபவன் வேண்டாம் என்பான். அவ்வளவுதான் என் எண்ணம். சிலாபம் பக்கம் திரும்பப் பாலாவிச் சந்தியில் வேகம் குறைக்க வேண்டும் என்பதும், அங்கே லொறிகள் நிற்காமல் வரும் என்பதும் எனக்குத் தெரியாததல்ல. ஸஃப்னாவின் ஹெல்மெட் வாரை நான்தான் இறுக்கிவிட்டேன்.

சந்தியின் நடுவில் என்ஜின் நின்றது. ஸஃப்னா அங்கேயே முடிந்துவிட்டார். மாஸ்டருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை.

அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. உறவினர்கள் மன்னாரில். தினமும் பின்னேரம் நான்தான் போகிறேன். உடம்பைத் துடைத்து, தூக்கிக் கதிரையில் இருத்துவேன். பிறகு கதைப்போம். "நீங்க இல்லாட்டி நான் என்ன செய்வன் அண்ணன்," என்று ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அன்று நான் நன்றாக உறங்கினேன்.

உங்கள் வாகனப் பரிசோதகர் எழுதியது சரி. நட்டு கழன்று விழவில்லை; நான்தான் எடுத்தேன். வாக்குமூலத்தில் கையெழுத்து வைக்கிறேன். ஆனால் ஐந்து மணிக்கு முன் என்னை விட்டுவிடுங்கள், சேர். மாஸ்டர் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார். தனியாக இருந்து அவருக்குப் பழக்கமில்லை.