ஐந்து வெள்ளைக் கேன்கள்

இதை நான் நேரில் கேட்கவில்லை. என் கோட்டை வாங்கிவர டிரைகிளீனிங் கடைக்குப் போன அக்கா, கடைக்காரம்மா பேசியதை வந்து அப்படியே பேசிக்காட்டினாள்.

“…படிச்சவங்க கடைக்கு வந்தாலே வம்புதாம்மா! உன்னைச் சொல்லல, நீ உக்காரு. போன வாரம் ஒரு டீச்சர். துணியைக் குடுத்தமா, போனமான்னு இல்லாம உள்ள எட்டிப் பாத்து, அழுக்கெடுக்கற கெமிக்கல் கேன் மேல ஒட்டியிருந்ததைச் சத்தமா படிக்கிறாங்க: ‘புற்றுநோய் உண்டாக்கும் தன்மை உடையது.’ அவ்வளவுதான்! குடுத்த துணியைத் திருப்பி வாங்கிட்டுப் போயிட்டாங்க.

அந்தச் சீட்டை நானும் ஒரு தடவை படிச்சுப் பாத்தேன். பின்ன? இருபது வருஷமா அதுல கையை விட்டுட்டு நிக்கிறது எங்க வீட்டுக்காரரு, உங்க அண்ணனாச்சே! மருந்துக்கடைக்காரர்கிட்ட ஓடினேன். தன்மை இருக்குன்னா தொட்டவங்களுக்கெல்லாம் வந்துரும்னு இல்லையாம். எவ்வளவு, எத்தனை வருஷம்னு பாக்கணுமாம். அட, அதுதானா! உங்க அண்ணனுக்குக்கூடத்தான் கோவப்படற தன்மை இருக்கு. அதுக்காக தினமுமா கோவப்படறாரு? …சரி, தினமும்தான். அதை விடு.

ஆனா வர்றவங்க பயப்படக் கூடாதுல்ல? அஞ்சு கேன்லயும் இருந்த சீட்டைச் சுடுதண்ணி ஊத்தி, தேய்ச்சு, ஒண்ணு விடாம சுரண்டி எடுத்துட்டேன். என்னமா பளபளன்னு இருக்கு தெரியுமா! இதுக்குப் போயி அந்த மனுஷன் குதிக்கிறாரு… எது அந்தக் கேன், எது சாதா சோப்புத் தண்ணின்னு தெரியலையாம். எல்லாம் ஒரே வெள்ளைக் கேன், உள்ள எல்லாம் தண்ணி மாதிரி. ஆமா, நான்தான் பண்ணேன். யாரு இல்லைன்னா?

அதான் காலைல நானே ஒவ்வொண்ணா மூடியைத் தொறந்து, மோந்து பாத்துப் பிரிச்சு வைக்கிறேன். அவரைக் கிட்டயே விடறதில்ல. இத்தனை வருஷம் நின்னது போதும், பாவம். முதல் நாள் மூக்கைத் துளைச்சுது. இப்ப என்னடான்னா, நல்லா இழுத்து மோந்தாத்தான் தெரியுது… ஏம்மா, எங்க எந்திரிச்சுட்ட? இரும்மா, கோட்டு… கோட்டை விட்டுட்டுப் போறியே!”

வெறுங்கையோடு வந்த அக்காவைத் திட்டிவிட்டு, அன்றே தேடிப் படித்தேன். நான் படித்தது சரிதானா என்று இன்னோர் இடத்திலும் பார்த்தேன். பல டிரைகிளீனிங் கடைகளில் பயன்படுத்தும் அந்தத் திரவம், அங்கே வேலை செய்கிறவர்களின் உடம்புக்குள் போவது பெரும்பாலும் தோல் வழியாக இல்லை. மூச்சு வழியாக.