ரோஸ் நிறம் படிந்த குழாய்

சொர்ணலட்சுமி: மெள்ள வாங்க டீச்சர்! செக்கு வாசல்ல எண்ணெய் வழுக்கும்... அதென்ன கையில, கண்ணாடிக் குழாயா?

ஜெபராணி: அடியில பாருங்கக்கா. என்ன தெரியுது?

சொர்ணலட்சுமி: என்னமோ... ரோஸ் கலர்ல படிஞ்சிருக்கு.

ஜெபராணி: வந்துருச்சுக்கா! மூணு மாசமா இதுக்குத்தான் தவம் கிடந்தேன்!

சொர்ணலட்சுமி: ஆத்தாடி! அப்ப அந்த மெட்ராஸ் புரொபசர்...

ஜெபராணி: "கடலையில அது இல்லவே இல்லை. சனிக்கிழமையோட ஆராய்ச்சியை நிறுத்திட்டுக் காலேஜ்ல பாடத்தை மட்டும் நடத்தும்மா"ன்னாரே... இனி சொல்லட்டும் பாப்போம்!

சொர்ணலட்சுமி: அப்படிப் போடுங்க! ஆமா, நான் அனுப்புற கடலையில அப்படி என்னதான் இருக்கு?

ஜெபராணி: ஒரு என்சைம். ஒவ்வொரு செல்லைச் சுத்தியும் மெல்லிசாக் கொழுப்புத் தோல் இருக்குல்ல... அந்தக் கொழுப்பை இது நறுக்கும். ஒரு துண்டுல மருந்து விட்டா இந்த ரோஸ். இன்னொரு துண்டு செல்லுக்குள்ள சேதி கொண்டுபோகுதோன்னு ஒரு சந்தேகம்...

சொர்ணலட்சுமி: கொழுப்புக்குக் காக்கிச் சட்டை மாட்டித் தபால்காரனா ஆக்கிட்டீகளே!

ஜெபராணி: சிரிங்க, சிரிங்க!

சொர்ணலட்சுமி: அப்ப இம்புட்டு நாளா ஏன் நறுக்கலையாம்?

ஜெபராணி: சூடு பட்டா அது செத்துப்போகும்.

சொர்ணலட்சுமி: ...எம்புட்டுச் சூடு?

ஜெபராணி: கொதிக்கிற தண்ணியில முக்கி எடுத்தாலே போதும்... என்னக்கா, முகம் வெளுத்துப்போச்சு?

சொர்ணலட்சுமி: டீச்சர்... நான் பாவி.

ஜெபராணி: நீங்களா?

சொர்ணலட்சுமி: படிச்ச பிள்ளைக்குத் தோலோடயா கொடுக்கிறதுன்னு... வாராவாரம் கொதிக்கிற தண்ணியில போட்டு உரிச்சு, வெள்ளை வெளேர்னு காயவச்சுல்ல அனுப்பினேன். இந்த வாரம் சூலக்கரைக்கு ஒரு சடங்கு வீட்டுக்குப் போயிட்டேன். செக்குல வேலை பாக்குற பெத்தணன் மூட்டையில இருந்து அப்படியே அள்ளிக் கொடுத்துட்டான்.

ஜெபராணி: வாராவாரமுமா?

சொர்ணலட்சுமி: திட்டிப்புடுங்க டீச்சர். உங்க மூணு மாசப் பாட்டை நான்ல வேகவச்சுட்டேன்!

ஜெபராணி: நேத்தே தெரியும்க்கா. பெத்தணன் கொடுத்ததுல பாதியைக் கொதிக்கிற தண்ணியில போட்டுப் பாத்தேன். உங்க கடலை மாதிரியே வெளுத்து வந்துச்சு, ரோஸ் வரல. "அது என்சைம்தானான்னு தெரிய, வெந்த கடலையை எத்தனை தரம் சோதிச்சே?"ன்னுதான் புரொபசர் முதல்ல கேப்பாரு. ஒரு தரம் செஞ்சிருந்தாலே பெரிசு... உங்க புண்ணியத்துல நான் வாரம் ஒண்ணாப் பன்னெண்டு தரம்னு சொல்லுவேன்! நீங்களே வாயைத் திறக்கட்டும்னுதான் இம்புட்டு நேரமும் சிரிப்பை அடக்கிக்கிட்டு நின்னேன்.