ஸ்டேஷன் மரத்தடியில் இரண்டு துப்பாக்கிகள்

யாகப்பன்: …தூக்கித்தான் பாருங்களேன். கனம் தெரியுதா? குழல் மட்டும் நாலே கால் அடி. இந்தப் பென்னாகரம் பக்கத்துல இவ்ளோ நீளக் குழல் யாருகிட்டயும் கெடையாது.

மாதேஸ்வரன்: நீளம் இருந்து என்னாங்க. கொக்குக்குக் கூடத்தான் கழுத்து நீளம்.

யாகப்பன்: சரி, உங்களுத எடுங்க பாப்போம். சாக்க அவுருங்க.

மாதேஸ்வரன்: இப்பத்தாங்க உள்ள கையெழுத்துப் போட்டு வாங்கிட்டு வர்றேன். எலெக்‌ஷனுக்கு முன்னால ஒப்படைச்சது. நாலு மாசமா போலீஸ்காரங்க மூலையில நின்னு ஒரே தூசி. இந்தாங்க. நீங்களும் இன்னிக்குத்தான் வாங்குனீங்களா?

யாகப்பன்: ம்… கட்டை என்னா மரம் இது?

மாதேஸ்வரன்: வேங்கை. எங்கப்பா கையால செதுக்குனது. தோள்ல வெச்சுப் பாருங்க.

யாகப்பன்: …உக்காருதுங்க. நல்லாவே உக்காருது. ஆனா குதிரைதான் கொஞ்சம் லூசு.

மாதேஸ்வரன்: லூசு இல்லீங்க, பதம். வெரலு பட்டாப் போதும். உங்களுத இழுக்கறதுக்கு ஒரு ஜோடி மாடு கட்டணும் போல இருக்குது.

யாகப்பன்: இழுத்தா வேல செய்யும். எம்பது கெஜத்துல, ஆண் பன்னி. கோரைப்பல்லு இந்தா, இத்தனாம் பெருசு. ஒரே வெடி.

மாதேஸ்வரன்: அடிச்சீங்களா?

யாகப்பன்: வெரட்டினேன்.

மாதேஸ்வரன்: வெரட்டினீங்க…

யாகப்பன்: போலீஸ் ஸ்டேஷன் வாசல்ல உக்காந்துகிட்டு வேற என்னான்னு சொல்லச் சொல்றீங்க? ரைட்டர் சன்னல் தொறந்துதான் இருக்குது.

மாதேஸ்வரன்: அப்படின்னா நானும் முப்பது பன்னி வெரட்டியிருக்கேங்க. அதுல ரெண்டு நல்ல ருசி.

யாகப்பன்: மெல்ல… மெல்லச் சொல்லுங்க. சரி, ரிசல்ட் வந்து எல்லாரும் எப்பவோ வாங்கிட்டுப் போயிட்டாங்க. நீங்க மட்டும் ஏன் இவ்ளோ லேட்டு?

மாதேஸ்வரன்: வூட்ல விடலைங்க. அது பாட்டுக்கு அங்கியே கெடக்கட்டும்னு எங்க வூட்டம்மா தீர்த்தம்மா ஒரே புடி. நேத்து பன்னி வந்து குச்சிக்கிழங்கு நாலு வரிசைய நோண்டிப் போட்டுச்சு. அப்புறந்தான், போய் எடுத்துட்டு வந்து தொலைன்னுச்சு.

யாகப்பன்: எலெக்‌ஷன் வந்தாலே பன்னிக்குக் கொண்டாட்டந்தான். லைசென்ஸ் துப்பாக்கியெல்லாம் உள்ள போயிருச்சுன்னு அதுங்களுக்கு யாரு போய்ச் சொல்றாங்களோ.

மாதேஸ்வரன்: வானொலியில கேக்குதுங்களோ என்னமோ.

யாகப்பன்: பன்னி மட்டுமா… எம் பொண்ணும் அதையேதாங்க எதிர்பாத்துக்கிட்டு இருந்திருக்குது.

மாதேஸ்வரன்: பொண்ணா?

யாகப்பன்: ஒரே பொண்ணு. ஓசூர்ல கம்பெனி வேல. அன்னிக்கு நான் துப்பாக்கிய இங்க குடுத்துட்டு வூட்டுக்குப் போறேன், வந்திருந்துச்சு. களி போட்டுக் குடுத்துச்சு. மூணாவது வாய் வெக்கும்போது சொல்லுது… அப்பா, கூட வேல செய்யற பையன் ஒருத்தர் இருக்காரு, கட்டுனா அவரைத்தான்னு.

மாதேஸ்வரன்: அன்னிக்கேவா?

யாகப்பன்: அன்னிக்கே. எங்க வூட்டம்மா மிக்கேலம்மாளுக்கு ரெண்டு வருஷமா தெரியுமாம். எலெக்‌ஷன் தேதிய அறிவிக்கட்டும், துப்பாக்கி ஸ்டேஷனுக்குப் போவட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்னு அம்மாளும் பொண்ணும் காத்துக்கிட்டு இருந்திருக்காங்க. சிரிக்காதீங்க.

மாதேஸ்வரன்: சிரிக்கலீங்க. இருமல்.

யாகப்பன்: ஊரே எந்தக் கட்சி ஜெயிக்கும்னு பாக்குது. எம் பொண்ணு, துப்பாக்கி எப்ப வூட்ட விட்டுக் கெளம்பும்னு பாத்திருக்குது. பையன் வேற சாதி, வேற சாமி… அதெல்லாங்கூட எனக்குப் பெருசாத் தெரியலீங்க. இதுதான் வலிச்சுது. பொறந்ததுல இருந்து அத ஒரு அடி அடிச்சது இல்ல நான்.

மாதேஸ்வரன்: நேராக் கேட்டுப்புடறதுதானே?

யாகப்பன்: கேட்டேன். உங்க மேல பயம் இல்லப்பா, ஆனா அது மூலையில நிக்கும்போது எனக்கு வாய் வர மாட்டேங்குதுன்னுச்சு.

மாதேஸ்வரன்: நியாயந்தானுங்களே…

யாகப்பன்: நியாயந்தான். அதான் நாலு நாள் பேசாம இருந்தேன். அஞ்சாம் நாள், பையன் எப்படின்னு கேட்டேன். குடிக்க மாட்டாரு, அதிர்ந்து பேச மாட்டாருன்னுச்சு. சரி, பெரியவங்கள வரச் சொல்லுன்னேன். மாப்பிள்ள வூட்டுக்காரங்கதானே மொதல்ல வந்து பொண்ணு கேக்கணும்.

மாதேஸ்வரன்: ஆமா… அதுதான் மொறை.

யாகப்பன்: வரலீங்க. இன்னி வரைக்கும் வரலை. பொண்ணு ஞாயித்துக்கெழம பூசைக்கு ஊருக்கு வருது. பஸ்ஸு நிக்கற சத்தம் கேட்டா, பாத்திரம் கழுவறத விட்டுட்டு எட்டிப் பாக்குது. போன வாரம் அவங்கம்மாகிட்டச் சொல்லிடுச்சு… அவங்க வூட்ல வேணாம்னா விட்டுருங்க, எனக்கு வேற யாரையும் பாக்காதீங்கன்னு. முப்பது ஆவப் போவுதுங்க அதுக்கு.

மாதேஸ்வரன்: வேணாம்னு யாரு சொன்னாங்க. அவங்களுக்கும் ஏதாச்சும் யோசனை இருக்கலாமில்லீங்க. நீங்க வேதக்காரங்க. கல்யாணம் சர்ச்சுலயா கோயில்லயா, பொறக்கற புள்ளைக்கு என்னா பேரு வெக்கறது…

யாகப்பன்: அத வந்து கேட்டாத்தானே நானும் சொல்ல முடியும்? ஃபாதர்கிட்டப் பேசிட்டேன். வரட்டும், பாக்கலாம்னாரு. அந்தப் பையன் அவன் சாமியக் கும்புடட்டும், பொண்ணு அது சாமியக் கும்புடட்டும். ரிஜிஸ்டர் ஆபீஸ்ல வெக்கலாம்னாலும் சரி. சோறு மட்டும் எங்க வூட்ல போடணும். பேரு… ரெண்டு பேரு வெச்சுக் கூப்புட்டா புள்ள திரும்பாதா?

மாதேஸ்வரன்: திரும்பும், திரும்பும்.

யாகப்பன்: அப்புறம் என்னா?

மாதேஸ்வரன்: அதில்லீங்க. துப்பாக்கி வெச்சிருக்கறவருன்னா ஊரு ஏதாச்சும் சொல்லத்தானே செய்யும். கோவக்காரரு, கிட்டப் போவாதேன்னு…

யாகப்பன்: என்னையா? ஆடு மேய்க்கிற மாதுங்கறவன வெடி வெச்சுத் தொரத்துனேன்னு சொல்லுவாங்க. அவன் ஆடு மொத்தமும் என் ராகியில நின்னுச்சு. வானத்தப் பாத்து ஒண்ணு வுட்டேன். ஆடு ஓடுச்சு, பின்னாலயே அவனும் ஓடுனான். சாயந்தரம் அவனே வந்து எங்க வூட்ல காப்பி குடிச்சுட்டுப் போனான்.

மாதேஸ்வரன்: வானத்தப் பாத்துதானா?

யாகப்பன்: சத்தியமா வானத்தப் பாத்துதான்.

மாதேஸ்வரன்: எங்ககிட்ட வரும்போது அது, ஆள் காதோரமா ரவை போச்சுன்னு… ஊர்ல அப்படித்தானே மாத்திச் சொல்லுவாங்கன்னு சொல்ல வந்தேன். பிளசியும் பாவம். எங்கப்பா ரொம்ப நல்லவரு, வூட்ல ஒரு துப்பாக்கி மட்டும் இருக்குதுன்னு சொன்னா, கேக்கறவன் காதுல எதுங்க விழும்?

யாகப்பன்: எம் பொண்ணு பேர நான் இன்னும் சொல்லலீங்களே.

மாதேஸ்வரன்: மொதல்ல அத கீழ வெச்சிருங்க.

யாகப்பன்: இது உங்களுதுங்க. என்னுது உங்க மடியில இருக்குது. ரெண்டுலயும் மருந்து கெடையாது.

மாதேஸ்வரன்: இருந்தாலும் வெய்யிங்க. …மாதவராஜ் எம் பையன். பேரு சொல்லாம இவ்ளோ நேரம் உங்க வாயப் புடுங்குனது தப்புத்தான். நாலே கால் அடி குழல்னு நீங்க சொன்ன ஒடனே எனக்குப் புரிஞ்சு போச்சு. அவன் சொல்லியிருக்கான். சரி, ஆளு எப்படின்னு கொஞ்சம் பாத்துக்கலாம்னு…

யாகப்பன்: பாத்தீங்களா?

மாதேஸ்வரன்: பாத்தேன். உங்களுக்காச்சும் மூணு வாய் களி உள்ள போச்சு. நான் அன்னிக்கு இங்க இருந்து போயி செருப்பக் கூடக் கழட்டலை. அவங்கம்மா முதுகுக்குப் பின்னால நின்னுகிட்டுச் சொல்றான். இருவத்தொம்பது வயசுப் பையன்.

யாகப்பன்: அதே நாளா?

மாதேஸ்வரன்: அதே நாளு. ஓசூர்ல உக்காந்து ரெண்டும் பேசி வெச்சிருக்குதுங்க. உங்கப்பா என்னிக்கு ஒப்படைக்கிறாரு, எங்கப்பா என்னிக்கு ஒப்படைக்கிறாருன்னு.

யாகப்பன்: வெவரந்தான்.

மாதேஸ்வரன்: தீர்த்தம்மா தெனமும் கேக்குது, எப்ப போறது எப்ப போறதுன்னு. நாந்தான் இழுத்தடிச்சுட்டேன். எம் பையன அந்த வூட்டு வாசல்ல எப்படிக் கொண்டு போய் நிக்க வெக்கறதுன்னு… எனக்கும் ஒரே பையனுங்க.

யாகப்பன்: புரியுதுங்க. எங்க வூட்லயே பயந்தாங்க. வெளி ஆளு நீங்க, உங்கள என்னா சொல்றது.

மாதேஸ்வரன்: வர்ற ஞாயித்துக்கெழம வரலாங்களா? பொம்பளைங்க ஒரு அஞ்சு பேரு, நாங்க நாலு பேரு. பூ, பழத்தோட.

யாகப்பன்: பூசை முடிய ஒம்பதர ஆவும். பத்து மணிக்கு மேல வாங்க. கோழி அடிச்சு வெக்கச் சொல்றேன்.

மாதேஸ்வரன்: எதுல அடிப்பீங்க?

யாகப்பன்: கத்தியிலதாங்க.

மாதேஸ்வரன்: கேட்டு வெச்சுக்கறது நல்லது பாருங்க. …சம்பந்தின்னு கூப்புடலாமில்ல? ஒண்ணு கேக்கணும் சம்பந்தி. நான் யாருன்னு சொன்னப்ப நீங்க எழுந்து நின்னிருக்கணும். பஸ்ஸுக்குக் காத்திருக்கறவரு மாதிரி அசையாம உக்காந்திருக்கீங்க. உள்ள ரைட்டர் வேற நம்மளப் பாத்துச் சிரிக்கறாரு. என்னா விஷயம்?

யாகப்பன்: என் துப்பாக்கிய வாங்கி ஒம்பது நாளாச்சு சம்பந்தி. தெனம் காலையில டிவிஎஸ்ல கட்டிக்கிட்டு வந்து இந்த மரத்தடியில உக்காந்துக்கறேன். உங்க போட்டோவ பொண்ணு செல்லுல காட்டியிருக்குது, என்னிக்கா இருந்தாலும் உங்களுத வாங்க நீங்க வந்துதானே ஆவணும். பொண்ணப் பெத்தவன் மொதல்ல போயி மாப்பிள்ள வூட்டு வாசல்ல நிக்கக் கூடாதுன்னு எல்லாருஞ் சொல்லிட்டாங்க. ஸ்டேஷன் வாசல்ல உக்காரக் கூடாதுன்னு எந்த மொறையும் இல்லீங்களே.