மாலகி கில்ஹூலியும் போய்விட்ட மூன்று கோடைகளும்

மேடையில் வீற்றிருக்கும் மாகாணக் குழுத் தலைவர் அவர்களே, இன்று காலை முப்பதாம் நாள் பூசையை நடத்தி வைத்த அருட்தந்தை அவர்களே, பக்கத்து மாவட்டங்களிலிருந்து இந்த மழையில் வண்டி ஓட்டி வந்திருக்கும் நண்பர்களே, பின்சுவரோரம் ஈர மேலங்கியைக்கூடக் கழற்றாமல் நிற்கும் நம் மாவட்ட ஐரிஷ் கால்பந்து அணி வீரர்களே, எல்லாருக்கும் மேலாக, முன்வரிசையில் அமர்ந்திருக்கும், மாலகி அவர்களின் துணைவியார் அட்ராக்டா கில்ஹூலி அம்மையாரே!

நான் டிம்ப்னா கீவனி. இருபத்திரண்டு ஆண்டுகளாக இந்த மாவட்டக் குழுவின் செயலாளர். மற்றவர்கள் பேசுவதை எழுதிக்கொள்வதுதான் என் வேலை. மேடையேறிப் பேசியதில்லை. இன்று பேச வேண்டும் என்று நானேதான் கேட்டு வாங்கினேன். ஏன் என்பது நான் இறங்குவதற்குள் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

பெருமக்களே, நம் மாவட்டக் குழுவின் தலைவர் மாலகி கில்ஹூலி அவர்கள் மறைந்துவிட்டார். முப்பத்தாறு ஆண்டுகள் பசுக்களுக்குச் சினை ஊசி போட்டவர். இந்த மாவட்டத்தில் அவர் கால் படாத தொழுவம் உண்டா? அவரிடம் மாட்டிக்கொண்டு, மாகாணப் போட்டியை ஏன் மாற்ற வேண்டும் என்று அரைமணி நேரம் கேட்காத விவசாயி உண்டா? தோள்வரை உறை மாட்டிய கை பசுவுக்குள் இருக்கும். வாய் போட்டி அமைப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும். பசுவும் நகர முடியாது, விவசாயியும் நகர முடியாது!

எங்கிருந்து வந்தது அவருக்கு இந்தப் பித்து? பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாகாணக் கோப்பையின் முதல் சுற்று. குலுக்கலில் நமக்கு வந்தது மாகாணத்திலேயே பலமான அணி, யார் என்று சொல்ல வேண்டியதில்லை. முப்பத்தேழுக்கு ஆறு. முப்பத்தொரு புள்ளியில் தோற்றோம். இடைவேளையிலேயே நம் ஆட்கள் பாதிப்பேர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நானும் போனேன். மாலகி அவர்கள் போகவில்லை. வீரர்களோடு பேருந்தில் திரும்பினார். வழியில் சிப்ஸ் கடையில் நிறுத்தினார்கள். பொட்டலத்தைப் பிரிக்காமலே கையில் வைத்துக்கொண்டு அணித்தலைவன் ருவாரி அவரிடம் கேட்டானாம்:

"மாலகி, நாங்க என்ன தப்பு பண்ணோம்? அஞ்சு மாசம் சேத்துல ஓடுனோம். எழுபது நிமிஷத்துல எல்லாம் முடிஞ்சுபோச்சு. மே மாசமே இன்னும் முடியல."

"அடுத்த வருஷம் பாத்துக்கலாம்டா."

"அடுத்த வருஷமும் இதே குலுக்கல்தானே? நான் பாஸ்டன் போறேன். அங்க கட்டட வேலை இருக்கு. ஞாயித்துக்கிழமை ஆட்டமும் இருக்கு. அதுல அப்பப்ப ஜெயிக்கவும் செய்வாங்களாம்."

ஜூன் முதல் வாரத்துக்குள் ஒன்பது பேர் விமானம் ஏறிவிட்டார்கள். அந்த வாரம்தான் மாலகி அவர்கள் சினை ஊசிச் சீட்டுகளின் பின்பக்கத்தில் தம் திட்டத்தை எழுத ஆரம்பித்தார்.

என்ன பெரிய திட்டம்? ஒரே தோல்வியில் ஒரு மாவட்டத்தின் கோடை முடிந்துவிடக் கூடாது. அவ்வளவுதான்! பலவீனமான பதினாறு அணிகளுக்குத் தனியாக ஒரு கோப்பை. நான்கு நான்காகப் பிரித்து, ஒவ்வோர் அணிக்கும் குறைந்தது மூன்று ஆட்டம், அதில் ஒன்றாவது சொந்த ஊரில். இறுதி ஆட்டம் தலைநகரின் பெரிய மைதானத்தில், பெரிய அணிகள் ஆடும் அதே நாளில். இந்தக் கடைசி வரியில்தான் அவர் பிடிவாதமாக நின்றார். "கூட்டம் வந்து உக்காந்த பொறவு ஆடணும். காலி நாற்காலிக்கு முன்னாடி ஆடறதுக்கு எங்க பசங்க எதுக்கு?" என்பார்.

இந்தத் திட்டத்தைத் தூக்கிக்கொண்டு மாவட்டம் மாவட்டமாகப் போனார். ஒரு பெரிய மாவட்டத்தின் அதிகாரி அவரை நாற்காலியில்கூட உட்காரச் சொல்லவில்லையாம். "உங்க பசங்கள நல்லா ஓடச் சொல்லுங்க, மாலகி. போட்டிய மாத்தச் சொல்லாதீங்க," என்றாராம். மாலகி அவர்கள் சொன்ன பதில் இந்த மாகாணம் முழுக்கப் பரவியது. "நானும் எங்க ஊர்ப் பசுகிட்ட அப்படித்தாங்க சொல்லிப் பாத்தேன். ஊசியெல்லாம் எதுக்கு, நீயே முயற்சி பண்ணிக் கன்னு போடுன்னு. அது என்னைத் திரும்பிக்கூடப் பாக்கல."

சிரியுங்கள், பரவாயில்லை. அவர் இருந்தால் முதலில் சிரிப்பவர் அவர்தான்.

ஆனால் அவருக்குப் பெரிய எதிர்ப்பு வெளியிலிருந்தா வந்தது? இல்லை. இந்தக் கூடத்தில்தான் வந்தது! மூன்றாவது வரிசையில் இருக்கும் பேக்கி ஃபிளாட்லி அவர்கள் அன்று எழுந்து நின்று, "எங்கப்பன் காலத்துல மாகாணக் கோப்பைய ஜெயிச்ச மாவட்டம்யா இது! ரெண்டாந்தரக் கோப்பைக்கு ஆடுனா, நாம ரெண்டாந்தரம்னு நாமளே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிடும்," என்று முழங்கினார். தலையாட்டாதீர்கள் பேக்கி, என் குறிப்பேட்டில் இருக்கிறது. கை தட்டியவர்கள் பலர். அவர்களில் நானும் ஒருத்தி. எனக்கும் அந்தக் கோப்பை அவமானமாகத்தான் பட்டது. முப்பத்தொரு புள்ளியில் தோற்பது அவமானமாகப் படவில்லை. இதை நினைத்தால் இன்று எனக்கே என்மேல் எரிச்சல் வருகிறது.

இருந்தும் மூன்று வாக்கு வித்தியாசத்தில் திட்டம் இங்கே நிறைவேறியது. அடுத்து, நாடு முழுவதற்குமான நம் விளையாட்டுச் சங்கத்தின் ஆண்டு மாநாட்டுக்குத் தீர்மானமாக அனுப்ப வேண்டும். பதினேழு மாவட்டங்கள் ஆதரவுக் கடிதம் கொடுத்திருந்தன. அந்த ஆண்டு அது வென்றிருக்கும். பாஸ்டனிலிருந்து ருவாரி, "தீர்மானம் ஜெயிச்சா மறுநாளே டிக்கெட் போட்டுருவேன்," என்று சொல்லியிருந்தான்.

என்ன நடந்தது? உங்கள் எல்லாருக்கும் தெரிந்த கதைதான். மாநாட்டுக்குப் போகும் எந்தத் தீர்மானமும் அயர்லாந்தில் செய்த தாளில் இருக்க வேண்டும் என்பது நம் பழைய விதி. தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் உள்ளே ஆலையின் முத்திரை தெரிய வேண்டும். நம் தாளைத் தூக்கிப் பிடித்தார்கள். உள்ளே ஒன்றுமே இல்லை. வெளிநாட்டுத் தாள். விவாதமே இல்லாமல் தீர்மானம் தள்ளுபடி ஆனது. அதே பொருளை மூன்று ஆண்டுகளுக்குத் திரும்பக் கொண்டுவர முடியாது. மூன்று கோடைகள்! அதற்குள் ஆதரவு தந்த அதிகாரிகள் மாறிவிட்டார்கள். பிறகு இருமுறை வாக்கெடுப்புக்குப் போனோம். நூற்றுக்கு அறுபது வேண்டும். முதலில் நாற்பத்தெட்டு வந்தது, அடுத்து ஐம்பத்தெட்டு.

"தாள் நான் வாங்கினது," என்று மாலகி அவர்கள் இந்த மேடையில் நின்று சொன்னார். அன்றிலிருந்து அவருக்குத் 'தாள்மாலகி' என்று பெயர். வைத்தது நீங்கள்தான். ருவாரி தொலைபேசியில் அவரைத் திட்டினான். அவன் திரும்பி வரவில்லை. அங்கேயே கல்யாணம், குழந்தைகள் என்று ஆகிவிட்டது. நம் அணியின் நீலச் சட்டையை அவன் மறுபடி போடவேயில்லை.

பெருமக்களே, அந்தத் தாளை மாலகி கில்ஹூலி வாங்கவில்லை. நான் வாங்கினேன்.

பேரங்காடியில், பாலும் ரொட்டியும் வாங்கும்போது, கைக்கு எட்டிய ஒரு தாள்கட்டை எடுத்துக் கூடையில் போட்டேன். செயலாளராக நான் அனுப்பிய எல்லாத் தாளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவள் நான். அன்று பார்க்கவில்லை. வேண்டுமென்றா செய்தாய் என்று கேட்பீர்கள். இல்லை. ஆனால் அந்தத் தீர்மானத்தின்மேல் எனக்கு மனம் இருந்திருந்தால் பார்த்திருப்பேன். அதுவும் உண்மை.

செய்தி வந்த அன்று, இந்தக் கூடத்துக்கு வெளியே, சட்டைகள் தொங்கும் அந்த நடையில் அவரைப் பிடித்தேன்.

"மாலகி, அந்தத் தாள்..."

"தெரியும் டிம்ப்னா. நீ இல்லன்னா இந்தக் குழு ஒரு வாரம் ஓடாது. உன்னைத் தூக்கிட்டா இவங்களுக்கு மறுபடி ஒரு தீர்மானம் எழுதக்கூட ஆள் கெடையாது. பேசாம இரு."

"எல்லாரும் உங்களைத் திட்டுவாங்களே?"

"இருபத்தஞ்சு வருஷமா பசு ஒதைக்குது. இவங்க என்ன அதவிடப் பெருசா ஒதைச்சிடப் போறாங்க?"

அவர் பேசாமல் இரு என்றார். நானும் பேசாமல் இருந்தேன். எவ்வளவு வசதியாக இருந்தது எனக்கு! இந்தக் கூடத்தில் அவரைக் கேலி செய்து நீங்கள் சிரித்தபோதெல்லாம் நான் தலையைக் குனிந்து குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். பதினோரு ஆண்டுகள்!

அடக்கம் முடிந்த நான்காம் நாள் அட்ராக்டா அம்மையாரிடம் போய்ச் சொன்னேன். அவர் தேநீர் ஊற்றுவதை நிறுத்தவில்லை.

"எனக்குத் தெரியும்டி. அன்னிக்கே வந்து சொல்லிட்டாரு. ஒவ்வொரு தடவ நீ இங்க வரும்போதும், இன்னிக்காவது இவ வாயத் தெறப்பாளான்னு பாத்தேன். அவர் உசுரோட இருக்கறப்ப சொல்லியிருக்கலாம்ல?"

பிறகு அவர் அலமாரியிலிருந்து ஓர் உறையை எடுத்து என் முன்னால் வைத்தார். "கோவம் எனக்கு. அவருக்கு இல்ல. பிரிச்சுப் பாரு."

வரும் சனிக்கிழமை மாநாட்டில் அவருடைய தீர்மானம் மூன்றாம் முறையாக வாக்கெடுப்புக்கு வருகிறது. மாவட்டத்தின் சார்பில் பேசப்போகிறவர் யார் என்று எழுதிக் கொடுக்கும் படிவம்தான் உறைக்குள் இருந்தது. இருபது ஆண்டுகளாக அவருடைய எழுத்தைப் படித்தவள் நான். மருத்துவமனைக் கட்டிலில் எழுதியிருக்கிறார், எழுத்து கோணிக்கொண்டு போயிருந்தது. ஆனாலும் படிக்க முடிந்தது. பேசுபவர்: டிம்ப்னா கீவனி.

என்னைக் கேட்காமலே எழுதியிருக்கிறார். அந்தத் திட்டத்துக்கு எதிராகக் கை தட்டியவள், அதைக் கவிழ்த்தவள், வாயை மூடிக்கொண்டு இருந்தவள். எல்லாம் தெரிந்தும் என் பெயரை எழுதியிருக்கிறார்! எப்படிப்பட்ட மனிதர்! நாம் யாரைத் தாள்மாலகி என்று கூப்பிட்டோம்?

அந்தப் படிவம் என் பையில் இருக்கிறது. இன்னும் அனுப்பவில்லை. நாளை மறுநாள் குழு கூடுகிறது. என் செயலாளர் பதவியை அங்கே திருப்பித் தருகிறேன். எடுத்துக்கொள்ளுங்கள். என்மேல் கோபம் இருந்தால் பேச வேறு ஆளையும் அனுப்புங்கள், நான் மறுக்க மாட்டேன். ஆனால் யாராவது போய்ப் பேச வேண்டும். மேடையில் இருக்கும் மாகாணத் தலைவர் அவர்களே, நீங்கள் இருமுறை எதிர்த்து வாக்களித்தீர்கள். இன்று மலர்மாலையோடு வந்திருக்கிறீர்கள். மாலைக்கு நன்றி. சனிக்கிழமை கையையும் தூக்குங்கள்.

பின்னால் நிற்கும் பிள்ளைகளே! உங்களில் நான்கு பேர் ஜூன் மாதத்துக்குப் பாஸ்டன் டிக்கெட் எடுத்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அதை ரத்து செய்யுங்கள் என்று கேட்கும் உரிமை எனக்கு இல்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். நீங்கள் என்னை அனுப்பினால், எனக்கு மூன்று நிமிடம் தருவார்கள். அந்த மூன்று நிமிடத்தில், பதினோரு ஆண்டுகளாகச் சேர்த்து வைத்த பேச்சு முழுவதையும் பேசிவிடுவேன். தோற்றால் மூன்று ஆண்டு கழித்து மறுபடி போவேன். அதுவரை உயிரோடு இருந்தால், அதற்கு அடுத்த முறையும் போவேன்.

மாலகி அவர்களே, நீங்கள் கடைசிவரை என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நான் ஒருநாள்கூட உங்களுக்காக எழுந்து நிற்கவில்லை. இதோ, இப்போது நிற்கிறேன்.