தெற்கு வாய்க்கால் வழி

எங்கள் விமானத் திடலின் புல்லை நானே வெட்டுகிறேன், விசாரணை அதிகாரி அவர்களே. இங்கிலாந்தின் நார்ஃபோக் மாவட்டம் முழுவதும் தேடினாலும் இத்தனை சீரான புல்தரையைக் காண்பது அரிது.

இங்கே எஞ்சின் இல்லாத கிளைடர்களை, திடலின் மறுமுனையிலுள்ள இழுவை இயந்திரம் நீண்ட எஃகு வடத்தால் வானுக்கு இழுத்து ஏற்றும். அவ்வடம் பறந்து வருபவர் கண்ணுக்குப் புலப்படாது. ஆதலால் ஹெலிகாப்டர்கள் திடலைக் குறுக்கே கடவாமல், தெற்கு வாய்க்காலை ஒட்டித் தாழ்வாக வருதல் வேண்டும். விமானிகளுக்கென நாங்கள் வெளியிடும் வருகைக் குறிப்பில் இது முன்பு ஒரே வாக்கியமாக, தெளிவாக இருந்தது. அதனை நீக்கிவிட்டு, ‘ஹெலிகாப்டர்கள்: தொலைபேசியில் கேட்டறிக’ என்று எழுதியவன் நான்.

காரணம் உண்டு. கண்ணாடி அறைகள் கட்டி விற்கும் கேவின் பாஷ்லி, கோடையில் தம் ஹெலிகாப்டரை எங்கள் விருந்து மேசைகளின் அருகிலேயே இறக்கினார். சாண்ட்விச்சுகள் பறந்தன. இறங்கியவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“புல்ல நல்லா வெட்டியிருக்கீங்க, தோட்டக்காரரே!”

நான் இத்திடலின் மேலாளர். காற்றில் நிற்கத் தெரிந்த இந்த ஹெலிகாப்டர் கூட்டத்திற்கு வரிசையில் நிற்கத் தெரிவதில்லை. எழுதியதைப் படியாதவருக்குத் தெளிவு எதற்கு?

இழுவை இயந்திரத்தை இயக்கும் மோரீன் மட்டும் குறை கூறினாள்.

“ஏங்க டெஸ்மண்ட், அந்தக் குறிப்பப் படிச்சா நம்ம கேன்டீன்ல கேக் எப்பக் கிடைக்கும்னு தெரியுது. ஹெலிகாப்டர் எந்தப் பக்கமா வரணும்னு மட்டும் தெரியல. யாராவது வடத்துல மாட்டினா?”

“போன் பண்ணட்டும்.”

“நீங்க எடுப்பீங்களா? கிளப் தலைவர் கூப்பிட்டாலே எடுக்க மாட்டீங்களே!”

ஞாயிறன்று தொலைபேசி ஒலித்தது. நான் தேநீர்க் கோப்பையுடன் அதனருகிலேயே நின்றேன். பதிவுக் கருவியில் குரல் கேட்டது.

“பாஷ்லி பேசறேன். போன தடவ நான் பண்ணினது தப்புதான், மன்னிச்சிருங்க. இன்னிக்கு எந்தப் பக்கமா வரணும்? மத்தியானம் கிளம்புறேன். நீங்க ஒண்ணும் சொல்லலேன்னா நேரா குறுக்கே வந்துடறேன்.”

பணிவு அவருக்குச் சற்றும் பொருந்தவில்லை. நான் கோப்பையைக் கழுவி வைத்தேன்.

பிற்பகலில் கிளைடர் ஒன்று ஆயத்தமாக நின்றது. மோரீனுக்கு விளக்கால் சைகை காட்டுவது என் பொறுப்பு. மரங்களுக்கு அப்பால் ஹெலிகாப்டரின் ஓசை கேட்டது. சைகைக்கு முன் திடலின் மேல் வானம் வெறுமையாக இருத்தல் வேண்டும் என்பது விதி. நிமிர்ந்து பார்த்தேன், வெறுமையாகத்தான் இருந்தது. விளக்கைக் காட்டினேன்.

வடம் அறுந்தது. கிளைடர் பத்திரமாக இறங்கிவிட்டது. பாஷ்லி என் புல்தரையின் நடுவில் விழுந்து எரிந்தார். மோரீன் அன்றிலிருந்து எவரிடமும் பேசுவதில்லை; சைகையைப் பார்த்து வடத்தை இழுத்தது அவள் கை அல்லவா?

அவர் கேட்டார் என்பதை நான் மறுக்கவில்லை. பதில் கிடைக்கும்வரை அவர் காத்திருந்திருக்க வேண்டும், அதிகாரி அவர்களே. நான் சொல்லாமலா இருந்திருப்பேன்?